கரையும் கண்ணாடி

அப்பாவின் இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே பந்துபோல் திரண்டிருக்கும் இடத்தில் அந்தப் புண் வந்தது ஒரு சித்திரைக் கடைசியில். அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டிருந்தது. கோயிலுக்குப் போனவர் உச்சி வேளையில் வெளிப்பிரகாரத்தை மூன்று சுற்று சுற்றியிருக்கிறார். கருங்கல் தளம். அம்மா முதல் சுற்றிலேயே சூடு தாங்காமல் மண்டப நிழலுக்கு ஓடிவிட்டாள். அப்பாவுக்குச் சுடவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பாதத்தோல் ஈரத் துணிபோல வழன்று வந்தது. பார்த்து அலறியது அம்மாதான். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

முப்பத்தோரு வருடம் தபால்காரராக இருந்தவர். சைக்கிள் போகாத தெருக்களில் எல்லாம் நடந்தே கடிதம் கொடுத்தவர். இருபத்திரண்டு வருடச் சர்க்கரை நோய் அந்தக் கால்களின் உணர்ச்சியை எப்போது எடுத்துக்கொண்டது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தப் புண் ஆற ஏழு மாதம் ஆனது. முதல் நான்கு மாதங்கள் தினமும் கட்டுப் பிரித்துக் கட்டினோம். நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், டிரெஸ்ஸிங் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். நடக்கக் கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதனால் அப்பா நடந்துகொண்டே இருந்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலையில் ஆறு மணிக்கு அப்பாவின் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொள்வேன். முந்தின நாள் வைத்த காஸ் துணி புண்ணோடு காய்ந்து ஒட்டியிருக்கும். சலைனை ஊற்றி ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரிப்பேன். எவ்வளவு பொறுமையாக உரித்தாலும் நடுவில் ஒரு இடம் பிடித்துக்கொள்ளும். அங்கே இழுக்கும்போது துணியோடு ஒரு மெல்லிய சிவப்புப் படலமும் வந்துவிடும். இரவெல்லாம் அவர் உடம்பு பாடுபட்டு வளர்த்த சதை அது. அதை நானே தினமும் பிய்த்து எறிகிறேன் என்ற எண்ணம் எனக்கு அந்த மாதங்களில் போகவே இல்லை. வலி தெரியாத அப்பா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார்.

உரிக்க வேண்டியிராத ஒரு கட்டு இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது நினைத்திருக்கிறேன். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதுவும் கண்ணாடியால் ஆனது என்று படித்தது புண் ஆறிய பிறகு. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள். சிலிக்காவும் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கினால் கண்ணாடி என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். அந்தப் பாடத்தில் கண்ணாடி என்றால் எதனோடும் சேராதது, எதிலும் கரையாதது, அமிலத்தையே ஊற்றி வைக்கலாம். அப்பாவிடம் சொன்னபோது, "கண்ணாடி குத்தித்தான் புண்ணு வரும். புண்ணுக்குள்ள கண்ணாடிய வைப்பாங்களாம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் விரிவாக.

1967. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் என்ற இளம் பேராசிரியர் கதிர்வீச்சைத் தாங்கும் கண்ணாடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நியூயார்க் மாநிலத்தில் ராணுவம் நடத்திய ஒரு பொருளறிவியல் மாநாட்டுக்குப் பேருந்தில் போகும்போது, வியட்நாமிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ராணுவ அதிகாரி ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஹென்ச் தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி இது: அவ்வளவு கதிர்வீச்சைத் தாங்குகிற பொருளைச் செய்கிறீர்களே, மனித உடம்பைத் தாங்குகிற பொருளைச் செய்ய முடியுமா? உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஏற்றுக்கொள்வதில்லை, அதனால் எத்தனையோ வீரர்களின் கை கால்களை வெட்ட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்.

அந்தக் கேள்வியை ஹென்ச் விடவில்லை. அவர் யோசித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உடம்பு ஏன் உலோகத்தை ஒதுக்குகிறது? உடம்பில் அப்படி ஒரு பொருள் கிடையாது, அந்நியமாகத் தெரிகிறது, சுற்றிலும் வடுத்திசுவால் சுவர் எழுப்பிப் பிரித்துவிடுகிறது. எலும்பிலோ கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. அப்படியென்றால் தன் மேற்பரப்பில் தானாகவே எலும்பின் கனிமத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஒரு பொருளை வைத்தால்? ராணுவ மருத்துவ ஆராய்ச்சித் துறை பணம் கொடுத்தது. எடைக்கணக்கில் 45 சதவீதம் சிலிக்கா, 24.5 சதவீதம் சோடியம் ஆக்சைடு, 24.5 சதவீதம் கால்சியம் ஆக்சைடு, 6 சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்று ஒரு கண்ணாடியை உருக்கினார்கள். 45எஸ்5 என்று பெயர். சிறு சிறு துண்டுகளாக வார்த்து, டெட் கிரீன்லீ என்ற அறுவை மருத்துவர் எலிகளின் தொடை எலும்பில் பதித்தார். ஆறு வாரம் கழித்து எடுக்கப் போனால் வரவில்லை. தள்ளினார், முட்டினார், அசையவே இல்லை. ஒப்பீட்டுக்காக வைத்த சாதாரணத் துண்டுகள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. உயிருள்ள எலும்போடு தானாகவே பிணைந்துகொள்ளும் முதல் செயற்கைப் பொருள் அதுதான். ஆண்டு 1969. ஆய்வுக் கட்டுரை 1971-இல் வந்தது.

நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா ஏறத்தாழ 72 சதவீதம். இதில் 45. அந்த வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. சிலிக்கா ஒரு வலை மாதிரி: ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, அவற்றின் வழியாக அடுத்த சிலிக்கானோடு கோத்துக்கொண்டு போகும். சோடியமும் கால்சியமும் அந்த வலைக்குள் நுழைந்து முடிச்சுகளை அவிழ்த்துவிடுகின்றன. முடிச்சு நிறைய இருந்தால் ஜன்னல் கண்ணாடி, நூறு வருடம் மழையில் நனைந்தாலும் அப்படியே நிற்கும். முடிச்சு அவிழ்ந்திருந்தால் உடம்பின் நீர் உள்ளே புகும். சோடியம் வெளியேறுகிறது, அதன் இடத்துக்கு நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனி வருகிறது. சுற்றிலும் காரத்தன்மை ஏறுகிறது. காரம் சிலிக்கா வலையை இன்னும் அரிக்க, மேற்பரப்பில் கூழ்போல ஒரு சிலிக்காப் படலம் உண்டாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் வந்து படிந்து, மெல்லப் படிகமாகி, எலும்பில் உள்ள அதே வகை அபடைட் கனிமமாக மாறுகிறது. வைத்த சில மணி நேரங்களிலேயே இது தொடங்கிவிடும். பிறகு செல்கள் வந்து அதைத் தொட்டுப் பார்க்கும்போது அங்கே அவற்றுக்குத் தெரிந்த முகம் இருக்கிறது.

இன்னொன்றும் பிறகு தெரிய வந்தது. ஹென்ச் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய், ஜூலியா போலாக் என்ற நோய்க்குறியியலாளரோடு சேர்ந்து வேலை செய்த காலத்தில், கரைந்து வரும் அயனிகளே எலும்புச் செல்களின் மரபணுக்களைத் தூண்டுகின்றன என்று கண்டார்கள். ஜூலியா போலாக்கைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. நுரையீரல் ரத்த அழுத்த நோயை ஆராய்ந்தவர். அதே நோய் அவருக்கே வந்து 1995-இல் இதயமும் நுரையீரலும் மாற்றிப் பொருத்தப்பட்டது. அதன்பிறகு, உடம்பின் உறுப்பைத் திரும்ப வளர்ப்பது எப்படி என்ற துறைக்குத் தன் மீதி வாழ்நாளைக் கொடுத்தார்.

இந்தக் கண்ணாடித் தூள் இன்று பலர் வாய்க்குள்ளேயே இருக்கிறது. பல்கூச்சத்துக்கான சில பற்பசைகளில் நோவாமின் என்ற பெயரில் சேர்ப்பது இதே 45எஸ்5-தான்.

ஆனால் எலும்பும் பல்லும் வேறு, அப்பாவின் பாதம் வேறு. புண்ணுக்குத் துண்டும் தூளும் சரிப்படாது. பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்பப் பொதியக்கூடிய, மெத்தென்ற ஒன்று வேண்டும். இழை வேண்டும். அங்கேதான் சிக்கல். 45எஸ்5-ஐ இழையாக இழுக்கச் சூடாக்கினால் இடையிலேயே படிகமாகிவிடும், பாகு முறிந்த சர்க்கரை மாதிரி. பின்லாந்தில் துர்க்கு நகரத்து ஆபோ அகாடமியில் இதற்கு வழி கண்டார்கள். பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்த்து, சிலிக்காவை 53 சதவீதமாக்கி, இழுக்க இழுக்க வருகிற ஒரு கண்ணாடியைச் செய்தார்கள். அதன் பெயர் 13-93. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ராலா என்ற சின்ன ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் டெல்பர்ட் டே என்ற பேராசிரியரும் அவர் மாணவர் ஸ்டீவ் ஜங்கும் அந்தக் கலவையை எடுத்து ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். சிலிக்கா முழுவதையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் போரான் ஆக்சைடைப் போட்டார்கள். 13-93பி3.

போரான் நமக்குப் புதிதில்லை. கேரம் பலகையில் தூவுகிறோமே போரிக் பவுடர், அதே போரான். (தயவுசெய்து அந்தப் பவுடரை எடுத்துப் புண்ணில் தூவிவிடாதீர்கள். கண்ணாடிக்குள் கட்டுண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வருவது வேறு, மொத்தமாகக் கொட்டுவது வேறு. அளவு மீறினால் போரான் செல்களுக்கு நஞ்சு.) சிலிக்கான் நான்கு ஆக்சிஜனைப் பிடிக்கும். போரான் இந்தக் கண்ணாடியில் பெரும்பாலும் மூன்றைத்தான் பிடிக்கும். வலை இன்னும் இளகியது, இன்னும் வேகமாகக் கரையும். சிலிக்காக் கண்ணாடி கரையும்போது நடுவில் ஒரு சிலிக்காக் கரு நெடுநாள் மிஞ்சிக் கிடக்கும். போரான் சேர்ந்த இந்தக் கண்ணாடி முழுவதுமாக மாறிவிடும்.

அதை இழையாக்கும் விதம் நம் ஊர்த் திருவிழாவில் பார்த்ததுதான். பஞ்சுமிட்டாய் வண்டியில் சர்க்கரைப் பாகு சுழலும் தட்டிலிருந்து தெறித்துக் காற்றில் நூலாக உறைகிறதே, அதுபோல. இங்கே உருகிய கண்ணாடி மெல்லிய ஒழுக்காக விழும்போது வேகமான காற்றை அதன்மேல் பாய்ச்சுகிறார்கள். ஒழுக்கு கிழிந்து வெள்ளைப் பஞ்சாகப் பறந்து படிகிறது. 300 நானோமீட்டரிலிருந்து 5 மைக்ரான் வரை தடிமன் உள்ள இழைகள். தலைமுடி இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். கட்டிடங்களில் வைக்கிற கண்ணாடிப் பஞ்சு தோலில் பட்டால் அரிக்கும், குத்தும். இது அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் விரலால் கிள்ளி எடுத்துப் புண்ணின் குழிக்குள் அமுக்கி வைக்கலாம்.

இழையாக ஏன் வேண்டும் என்பதற்கு டே சொன்ன காரணத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நமக்குக் காயம் பட்டதும் உடம்பு முதலில் செய்வது நூல் நூற்பதுதான். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு புரதம் ஃபைப்ரின் என்ற இழையாகி, குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலையைப் பின்னுகிறது. தட்டணுக்கள் அதில் சிக்கிக்கொள்கின்றன. பிறகு வருகிற செல்கள் அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டுதான் ஊர்ந்து போய்ப் புதுச் சதையைக் கட்டுகின்றன. வேலை முடிந்ததும் அந்த வலையை உடம்பே கரைத்துவிடுகிறது. நீடித்த சர்க்கரைப் புண்ணில் இந்த வரிசை நடுவில் நின்றுவிடுகிறது. அழற்சி அழற்சியாகவே இருக்கும், சாரம் கட்டும் வேலை தொடங்காது. கண்ணாடிப் பஞ்சு அந்த ஃபைப்ரின் வலையின் சாயலில் ஒரு சாரத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. கரையும்போது கால்சியத்தையும் போரானையும் விடுகிறது. வேறு சிலர் அரை சதவீதத்துக்கும் குறைவான தாமிரத்தை அதில் கலந்து, புது ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தூண்டப் பார்க்கிறார்கள். துணிமேல் சதை வளர்ந்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்தப் பஞ்சுக்குள் சதை வளர்ந்தால் பஞ்சு போய்விடும், சதை நிற்கும். நான் தினமும் காலை ஆறு மணிக்குச் செய்த அந்த வேலை அங்கே தேவையில்லை.

ராலா ஊரின் மருத்துவமனையிலேயே முதலில் 12 நோயாளிகளிடம் பார்த்தார்கள். ஆறாத நாள்பட்ட புண் உள்ளவர்கள். பலருக்கு ஆறியது என்று 2011-இல் செய்தி வந்தது. பிறகு மிரேஜன் என்ற பெயரில் அது மருத்துவ அனுமதி பெற்றது. கால்நடைகளின் காயத்துக்கும் இதே வகைப் பஞ்சு விற்பனைக்கு வந்தது. 2021-இல் வெளியான ஒரு சோதனையில் சர்க்கரைப் பாதப்புண் உள்ள 40 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 12 வாரத்தில் கண்ணாடிப் பஞ்சு வைத்த 20 பேரில் 14 பேருக்குப் புண் மூடியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 20 பேரில் 5 பேருக்கு. பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் 40 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் இருக்கும் நாட்டிலிருந்து பார்க்கிற எனக்கு, இதைப்போலப் பல சோதனைகள் நம் ஊர்க் கால்களில், வெறுங்காலோடு நடந்து பழகிய கால்களில் நடக்க வேண்டும் என்று தோன்றுகிறது. காலுக்கு வரும் ரத்தக் குழாயே அடைத்திருந்தால் எந்தப் பஞ்சும் உதவாது, முதலில் அடைப்பை எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதேபோன்ற பஞ்சை வேறு வழியில் செய்து, எலும்பு வளர்க்க முயன்ற லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவின் 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றையும் தேடிப் படித்தேன். மின்னழுத்தத்தால் இழுத்து இழையாக்குகிறார்கள். ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் கௌசிகன் பூலோகசுந்தரம்பிள்ளை. ஆங்கில எழுத்துகளில் அந்த நீண்ட பெயரை ஒவ்வொரு அசையாகப் படித்து முடித்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

இப்போது அந்த 40 பேர் சோதனையின் ஒரு விவரத்துக்கு வருகிறேன். இரண்டு பிரிவினருக்கும் பொதுவாக ஒரு சிகிச்சை இருந்தது: செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வது, பாதத்தின்மேல் விழும் பாரத்தை இறக்குவது. அந்த இரண்டாவதைத்தான் எங்களுக்கு நான்கு மாதம் யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது மாதம் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன் அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. "மருந்தெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. அய்யா அதுமேலயே ஏறி நிக்கிறாரு, அது எப்படி ஆறும்?" என்றார். முழங்கால்வரை மாவுக்கட்டு போட்டார். பாதத்தோடு முழுக்கப் பொருந்தி, உடம்பின் பாரத்தைக் கால் முழுவதும் பரப்பிவிடும் கட்டு.

அந்த மாவுக்கட்டின் வரலாறு நம் பக்கத்து ஊரில் இருக்கிறது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் பாதப்புண்களை வருடக்கணக்கில் பார்த்தார். சதை அழுகுவது நோயால் நேராக வருவது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். வலி தெரியாததால் ஒரே இடத்தை மிதித்து மிதித்துப் புண் வருகிறது, மிதிப்பதை நிறுத்தினால் அதே சதை ஆறுகிறது என்று அவர் காட்டினார். மாவுக்கட்டு போட்டு ஆற்றினார். பிறகு புண் திரும்ப வராமலிருக்க மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்பு செய்தார்கள். செருப்புக் கடையில் எம்.சி.ஆர். என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்தப் பாடத்தையும் கொண்டுபோனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கு அதே மாவுக்கட்டைப் போட்டார்கள். வேலூரில் தொழுநோயாளிகளின் காலில் படித்த பாடம் அப்படியே உலகத்துச் சர்க்கரை நோயாளிகளுக்கெல்லாம் போனது. எங்கள் வீட்டுக்கு மட்டும் அது நான்கு மாதம் தாமதமாக வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மாவுக்கட்டு போட்ட பிறகு ஒவ்வொரு வாரமும் கட்டை வெட்டித் திறப்பார்கள். மூன்றாவது வாரம் நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பாருங்கக்கா, நல்லா சிவந்து வந்திருக்கு, தொட்டா ரத்தம் கசியுது. இது உயிருள்ள சதை." அதன்பிறகும் எட்டு வாரம் எடுத்தது. கண்ணாடிப் பஞ்சும் இருந்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். பதில் தெரியாது.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "அப்ப அது உள்ள போயி வேலைய முடிச்சுட்டு இல்லாமப் போயிருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

இப்போது தினமும் இரவு தூங்கப் போகுமுன் திண்ணையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சவரம் செய்யும் பழைய கைக்கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறார். குனிய முடியாதவர்களுக்கு அந்த மருத்துவர் சொல்லிக் கொடுத்த வழி. கால் சொல்லாததைக் கண்ணால்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நேற்று வலது சுண்டுவிரலின் ஓரத்தில் மிளகளவுக்கு ஒரு சிவப்பு தெரிந்தது. புதுச் செருப்பின் வார் உரசிய இடம். என்னைக் கூப்பிட்டு டார்ச் அடிக்கச் சொன்னார். தோல் கிழியவில்லை. இன்று காலை கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் வாரை மாற்றிக்கொண்டு வந்தோம்.